மாநிலங்களின் 'பசுமை பட்ஜெட்': அறிவிப்பும் உண்மைச் செலவும் - ஒரு விளக்கம்

பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளவும் தூய எரிசக்தியை வளர்க்கவும் ஒதுக்கப்படும் தொகையைத் தனி ஆவணமாக வெளியிடும் வழக்கம் இந்திய மாநிலங்களிடையே பரவி வருகிறது. 'பசுமை பட்ஜெட்', 'காலநிலை பட்ஜெட்' எனப் பெயர்கள் மாறினாலும், அவற்றில் இடம்பெறும் தொகைகள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான கோடிகளாக உள்ளன. எனினும், அத்தொகை முழுவதும் புதிய நிதி அன்று. ஒரு மாநிலத்தின் காலநிலை நடவடிக்கையைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பல, அந்த ஆவணத்துக்கு வெளியே மின் மானியம், மத்தியத் திட்டங்களுக்கான மாநிலப் பங்கு, பேரிடர் நிதி ஆகிய தலைப்புகளின்கீழ் எடுக்கப்படுகின்றன. இவை எவ்வாறு செயல்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மாநில அரசுகளின் பங்கு ஏன் முக்கியம்?

2070-ஆம் ஆண்டுக்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்டுவது, 2030-ஆம் ஆண்டுக்குள் புதைபடிவம் அல்லாத மின் உற்பத்தித் திறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்துவது ஆகிய இலக்குகளை 2021-ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். நாட்டின் மொத்த மின் நிறுவுதிறனில் சரிபாதி புதைபடிவம் அல்லாத ஆதாரங்களிலிருந்து கிடைக்கும் நிலை 2025 ஜூன் மாதத்தில் எட்டப்பட்டது. ஆயினும், உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது.

இலக்கை அறிவிப்பது மத்திய அரசாக இருந்தாலும், அதை நிறைவேற்றும் பொறுப்பில் பெரும்பகுதி மாநிலங்களிடம் உள்ளது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி, வேளாண்மை, நீர், நிலம், பொதுச் சுகாதாரம் ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. மின்சாரம் பொதுப் பட்டியலில் உள்ளது. 1976-ஆம் ஆண்டின் 42-வது திருத்தத்தின் மூலம் காடுகளும் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. சூரிய மின் பூங்காவுக்கு நிலம் வழங்குவது, மின்சாரத்தை வாங்குவது, உழவர்களுக்குக் கட்டணம் நிர்ணயிப்பது, புயல் பாதுகாப்பு மையம் கட்டுவது ஆகியவை அனைத்தும் மாநில அரசையும் அதன் நிறுவனங்களையும் சார்ந்தவை.

2008-ஆம் ஆண்டு காலநிலை மாற்றத்துக்கான தேசிய செயல்திட்டம் வெளியிடப்பட்டதைத் தொடர்ந்து, மாநிலங்களும் தத்தமக்கான செயல்திட்டங்களை வகுத்தன. குஜராத் 2009-ஆம் ஆண்டிலேயே காலநிலை மாற்றத்துக்கெனத் தனித் துறையை ஏற்படுத்தியது. தமிழ்நாடு இப்பணிகளுக்கெனப் பசுமை காலநிலை நிறுவனத்தை அமைத்தது. இத்தகைய திட்டங்கள் பெருகியபோது, அவற்றுக்கான பணம் எந்தத் துறையில், எவ்வளவு செலவாகிறது என்பதைக் கணக்கிட வேண்டிய தேவையும் எழுந்தது.

பசுமை பட்ஜெட் எவ்வாறு தொடங்கியது?

தில்லியின் அப்போதைய நிதியமைச்சர் மணீஷ் சிசோடியா, 2018 மார்ச் மாதத்தில் தாக்கல் செய்த 2018-19 நிதிநிலை அறிக்கையைப் 'பசுமை பட்ஜெட்' என அறிவித்தார். போக்குவரத்து, மின்சாரம், சுற்றுச்சூழல், பொதுப்பணி ஆகிய துறைகளைச் சேர்ந்த 26 திட்டங்கள் காற்று மாசைக் குறைக்கும் நோக்கில் அதில் தொகுக்கப்பட்டன.

2020-21 நிதியாண்டில் பிகாரும் ஒடிசாவும் தனி ஆவணங்களை வெளியிட்டன. பிகாரின் பசுமை பட்ஜெட்டை அப்போதைய துணை முதல்வர் சுஷில் குமார் மோடி தாக்கல் செய்தார். அதற்கு முந்தைய ஆண்டில் அம்மாநிலம் சுமார் 24,500 கோடி ரூபாய் மதிப்பில் 'ஜல் ஜீவன் ஹரியாலி' என்ற நீர்நிலை மீட்பு, மரம் வளர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. ஒடிசாவின் ஆவணம் 'காலநிலை பட்ஜெட்' எனப் பெயர் பெற்றது.

ராஜஸ்தான் தனது முதல் பசுமை பட்ஜெட்டை 2025-26 நிதியாண்டுக்கு வெளியிட்டது. துணை முதல்வரும் நிதியமைச்சருமான தியா குமாரி, இதற்கென 27,854 கோடி ரூபாயை அறிவித்தார். நகரங்களில் மும்பை மாநகராட்சி 2024-ஆம் ஆண்டு காலநிலை பட்ஜெட்டை வெளியிட்டு, 2024-25 நிதியாண்டின் மூலதனச் செலவில் 10,224 கோடி ரூபாய், அதாவது ஏறத்தாழ 32 விழுக்காடு, காலநிலை தொடர்புடையது எனக் கணக்கிட்டது.

தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

இத்தகைய ஆவணங்கள் பெரும்பாலும் 'குறியிடுதல்' என்னும் முறையைப் பின்பற்றுகின்றன. ஏற்கெனவே நிதிநிலை அறிக்கையில் உள்ள ஒவ்வொரு திட்டத்தையும் எடுத்து, அதில் எத்தனை விழுக்காடு காலநிலைக்குப் பயனளிக்கிறது என மதிப்பிட்டு, அந்தப் பங்கைக் கூட்டுவதே இம்முறை.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பாசனக் கால்வாயைச் சீரமைக்க 100 கோடி ரூபாய் ஒதுக்கப்படுவதாகக் கொள்வோம். வறட்சியைத் தாங்க உதவும் என்பதால் அதில் 60 விழுக்காடு காலநிலைச் செலவு என ஒரு மாநிலம் மதிப்பிட்டால், 60 கோடி ரூபாய் பசுமைக் கணக்கில் சேரும். வேறொரு மாநிலம் 30 விழுக்காடு என மதிப்பிட்டால், அதே கால்வாய்க்கு 30 கோடி ரூபாய் மட்டுமே சேரும். இரண்டு மாநிலங்களிலும் கால்வாய் ஒன்றே, செலவும் ஒன்றே. எனவே, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான மதிப்பீட்டு முறை இல்லாத நிலையில், ஒரு மாநிலத்தின் பசுமை பட்ஜெட் தொகையை மற்றொன்றுடன் நேரடியாக ஒப்பிட இயலாது.

இம்முறைக்குப் பயன் இல்லாமல் இல்லை. எந்தத் துறையில் காலநிலை நோக்கமே இல்லை என்பதை அது வெளிக்கொணர்கிறது. ஆண்டுதோறும் ஒரே முறையில் கணக்கிடப்பட்டால், ஒரு மாநிலத்தின் போக்கையும் காட்டும். ஆனால், பசுமைச் செலவு மட்டுமே கணக்கிடப்பட்டு, உமிழ்வைப் பெருக்கும் செலவு கணக்கிடப்படாவிடில், கிடைக்கும் சித்திரம் பாதியளவே.

மின் மானியம்: கணக்கில் தென்படாத பெருந்தொகை

பல மாநிலங்களில் எரிசக்தித் துறைக்கான ஒதுக்கீட்டின் பெரும்பகுதி, புதிய மின் உற்பத்திக்கன்றி, கட்டண மானியத்துக்கே செல்கிறது. பஞ்சாப் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அம்மாநிலத்தின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், உழவர்களுக்கான இலவச மின்சாரத்துக்கு 9,992 கோடி ரூபாயும், வீடுகளுக்கு மாதம் 300 யூனிட் இலவசமாக வழங்கும் திட்டத்துக்கு 7,614 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து 17,606 கோடி ரூபாய்.

இம்மானியம் உழவர்களுக்கும் ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கும் உண்மையான ஆதரவு என்பதில் ஐயமில்லை. அதன் மறுபக்கம் நிலத்தடியில் தெரிகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, பஞ்சாபில் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நிலத்தடி நீரின் அளவைப்போல் ஏறத்தாழ 164 விழுக்காடு நீர் எடுக்கப்படுகிறது. நெல் சாகுபடியும் அரசுக் கொள்முதலும் இதற்கு முதன்மைக் காரணங்கள். இலவச மின்சாரம் அதற்குத் துணைநிற்கிறது.

மானியத் தொகையை மாநில அரசு உரிய காலத்தில் மின் பகிர்மான நிறுவனத்துக்குச் செலுத்தாவிட்டால், அந்நிறுவனம் மின் உற்பத்தியாளர்களுக்குப் பணம் தர இயலாமல் தவிக்கிறது. 2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசு தாமதக் கட்டண விதிகளைக் கொண்டுவந்தபோது, பகிர்மான நிறுவனங்கள் மின் உற்பத்தியாளர்களுக்குத் தர வேண்டிய நிலுவை சுமார் 1.4 லட்சம் கோடி ரூபாயாக இருந்தது. அதைத் தவணைகளில் செலுத்த அந்த விதிகள் வழிசெய்தன.

கூரை சூரிய மின்சக்தி: மாநிலத்துக்கு மாநிலம் மாறும் உதவி

75,021 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு கோடி வீடுகளில் சூரிய மின்தகடுகள் அமைக்கும் 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. இதன்படி, முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியமாகக் கிடைக்கும். உச்சவரம்பு 78,000 ரூபாய்.

இதற்கு மேல் எவ்வளவு தருவது என்பது மாநிலத்தின் முடிவு. 3 கிலோவாட் அமைப்புக்கு உத்தரப் பிரதேசமும் தில்லியும் தலா 30,000 ரூபாய், அசாம் 45,000 ரூபாய், ஒடிசா 60,000 ரூபாய் எனக் கூடுதல் மானியம் அறிவித்தன. திட்டம் தொடங்கியபோது 3 கிலோவாட் அமைப்புக்கு மத்திய அரசு வகுத்த அடிப்படை விலை 1,45,000 ரூபாய். ஒடிசாவில் இரண்டு மானியங்களும் சேர்ந்து 1,38,000 ரூபாய் ஆகின்றன. கூடுதல் மானியம் அறிவிக்காத மாநிலத்தில், அதே குடும்பம் அந்த விலையில் 67,000 ரூபாயைத் தானே ஏற்க வேண்டும்.

மாதந்தோறும் பெருமளவு மின்சாரத்தை இலவசமாகப் பெறும் குடும்பத்துக்குக் கூரையில் தகடு அமைக்கும் ஆர்வம் குறைவாக இருப்பது இயல்பு. இந்த முரண்பாட்டைத் தீர்க்க ராஜஸ்தான் ஒரு வழியை முன்வைத்தது. இலவச மின்சாரம் பெறும் குடும்பங்களின் வீடுகளில் சூரியத் தகடு அமைத்து, மாதம் 150 யூனிட் இலவசமாகக் கிடைக்கச் செய்வதாக அதன் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. ஆண்டுதோறும் தொடரும் மானியத்தை ஒருமுறை முதலீடாக மாற்றுவதே இதன் அடிப்படை. ஆயினும், வாடகைக்குக் குடியிருப்போரும், அடுக்ககங்களில் வசிப்போரும், உறுதியான கூரை இல்லாதோரும் இத்தகைய திட்டங்களின் பயனை எளிதில் பெற முடிவதில்லை.

உழவர்களின் பம்புசெட்டுகள்

2019-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதமரின் 'குசும்' திட்டத்தில், தனித்தியங்கும் சூரிய பம்புசெட்டின் விலையில் பொதுவாக மத்திய அரசு 30 விழுக்காட்டையும், மாநில அரசு குறைந்தது 30 விழுக்காட்டையும் ஏற்கின்றன. எஞ்சியது உழவரின் பங்கு. மாநிலம் தனது பங்கை ஒதுக்காவிட்டால், மத்திய ஒதுக்கீடு இருந்தும் பம்புசெட் வயலுக்கு வந்து சேராது.

மகாராஷ்டிரம் தனது பங்கை உயர்த்தியது. அங்குள்ள திட்டத்தின்கீழ் பொதுப் பிரிவு உழவர் 10 விழுக்காடும், பட்டியல் சாதி, பழங்குடி உழவர் 5 விழுக்காடும் செலுத்தினால் போதும். மேலும், வேளாண் மின்பாதைகளுக்குப் பகல் நேரத்தில் மின்சாரம் வழங்க, துணை மின்நிலையங்களுக்கு அருகிலேயே சூரிய மின்நிலையங்களை அமைக்கும் பணியையும் அம்மாநிலம் மேற்கொண்டுள்ளது. அவற்றிலிருந்து யூனிட்டுக்கு சுமார் 3 ரூபாய் விலையில் மின்சாரம் கிடைப்பதால், மானியச் சுமை காலப்போக்கில் குறையும் என்பது எதிர்பார்ப்பு. இரவில் வயலுக்குச் சென்று மோட்டாரை இயக்க வேண்டிய நிலையிலிருந்தும் உழவர்கள் விடுபடுகின்றனர்.

சூரிய பம்புசெட்டுக்கு மின்கட்டணமே இல்லை என்பதால் நிலத்தடி நீர் மேலும் உறிஞ்சப்படும் அபாயமும் உண்டு. இதைக் கருத்தில்கொண்டு, குஜராத் 2018-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில், உழவர் தம் தேவைக்குப்போக எஞ்சிய மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கு விற்று வருவாய் ஈட்ட வழிசெய்தது. நீரைச் சேமித்தால் வருவாய் கிடைக்கும் என்ற நிலை அதனால் உருவானது.

ஒப்பந்தத்தை மதிப்பதும் ஒரு நிதி முடிவே

பெரிய சூரிய, காற்றாலை மின்நிலையங்களில் பெரும்பாலானவை தனியார் முதலீட்டில் அமைகின்றன. மாநில நிதிநிலை அறிக்கையில் அவற்றுக்குப் பெரிய ஒதுக்கீடு இருப்பதில்லை. அங்கு மாநிலம் அளிப்பது நம்பிக்கை: வாங்கிய மின்சாரத்துக்கு, ஒப்புக்கொண்ட விலையில், உரிய காலத்தில் பணம் கிடைக்கும் என்ற உறுதி.

அது குலைந்தால் என்ன நேரும் என்பதை ஆந்திரப் பிரதேசம் காட்டியது. அங்கு 2019-ஆம் ஆண்டு பொறுப்பேற்ற அரசு, முந்தைய சூரிய, காற்றாலை மின் கொள்முதல் ஒப்பந்தங்களின் விலை அதிகம் எனக் கூறி, அவற்றை மீண்டும் பேசி முடிக்கக் குழு அமைத்தது. நிறுவனங்கள் நீதிமன்றத்தை நாடின. 2022 மார்ச் மாதம் ஆந்திர உயர் நீதிமன்றம், ஒப்பந்தத்தில் உள்ள விலையையே வழங்குமாறு உத்தரவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நிறுவனங்களின் நிலுவை பெருகியது. முதலீட்டாளர்களின் தயக்கமும் வளர்ந்தது.

பேரிடர் நிதி: முன்கூட்டியே செலவிடுவதா, பின்னர் செலவிடுவதா?

1999-ஆம் ஆண்டு ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் உயிரிழந்தனர். அதன்பின் அம்மாநிலம் தனிப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தை அமைத்து, கடலோரம் முழுவதும் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டியது. எச்சரிக்கை அமைப்பையும் வலுப்படுத்தியது. 2019-ஆம் ஆண்டு ஃபானி புயலின்போது 12 லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டனர். ஒடிசாவில் உயிரிழந்தோர் எண்ணிக்கை 64. முன்கூட்டியே செலவிட்ட பணத்தின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

15-வது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் மேலாண்மை நிதியாக 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் 80 விழுக்காடு மீட்பு, நிவாரணத்துக்கும், 20 விழுக்காடு பாதிப்பைத் தணிக்கும் முன்னேற்பாடுகளுக்கும் உரியது. பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 75 விழுக்காடு. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90 விழுக்காடு.

எனினும், பெரும் பேரிடர் நேரும்போது இத்தொகை போதுவதில்லை. கேரளத்தின் வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று ஏற்பட்ட நிலச்சரிவில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுவாழ்வின் முதற்கட்டத்துக்கு 750 கோடி ரூபாயைக் கேரள அரசு தனது 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மத்திய அரசு 529.50 கோடி ரூபாயை 50 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த வேண்டிய வட்டியில்லாக் கடனாக அளித்தது. மானியமாகத் தர வேண்டியதைக் கடனாகத் தருவது ஏன் என்ற விவாதம் அப்போது எழுந்தது.

வெப்ப அலைக்கு வேறொரு சிக்கல் உண்டு. 15-வது நிதிக்குழுவின் காலத்தில், தேசிய அளவில் அறிவிக்கப்பட்ட பேரிடர்களின் பட்டியலில் வெப்ப அலை இடம்பெறவில்லை. ஒரு மாநிலம் அதைத் தனது உள்ளூர்ப் பேரிடராக அறிவித்து, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் 10 விழுக்காடு வரை பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடே இருந்தது. 2010 மே மாத வெப்ப அலையில் ஆமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக உயிரிழந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அந்நகரம் 2013-ஆம் ஆண்டு வெப்பச் செயல்திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பின்னர் பல நகரங்களும் மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

காடு நிதியும் நிலக்கரி வருவாயும்

காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவோர் செலுத்தும் தொகை, 'கேம்பா' எனப்படும் இழப்பீட்டுக் காடு வளர்ப்பு நிதியில் சேர்கிறது. 2019 ஆகஸ்ட் மாதத்தில் இந்நிதியிலிருந்து 47,436 கோடி ரூபாய் 27 மாநிலங்களுக்கு விடுவிக்கப்பட்டது. ஆனால், நிதி கிடைப்பது மட்டும் காட்டை வளர்ப்பதில்லை. உத்தராகண்டில் 2019 முதல் 2022 வரையிலான காலத்தை ஆய்வு செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், 13.86 கோடி ரூபாய் தொடர்பில்லாத செலவுகளுக்குத் திருப்பிவிடப்பட்டதைக் கண்டறிந்தார். ஐபோன், மடிக்கணினி, குளிர்பதனப் பெட்டி வாங்கியதும் அவற்றுள் அடங்கும்.

15-வது நிதிக்குழு, மத்திய வரிப் பகிர்வில் காடு, சூழலியலுக்கு 10 விழுக்காடு மதிப்பளித்தது. முந்தைய நிதிக்குழு காட்டுப் பரப்புக்கு 7.5 விழுக்காடு அளித்திருந்தது. காடு மிகுந்த மாநிலங்களுக்கு இது கூடுதல் வருவாய் தந்தாலும், அப்பணத்தைக் காட்டுக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நிலக்கரி மாநிலங்களின் நிலை இதற்கு நேர்மாறானது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா ஆகியவை நிலக்கரி உரிமைத் தொகையாகக் கணிசமான வருவாய் பெறுகின்றன. பொதுவாக அது நிலக்கரி விலையில் 14 விழுக்காடு. கனிமங்களுக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலை மாதம் தீர்ப்பளித்ததும், இந்த வருவாயின் முக்கியத்துவம் மேலும் கூடியது. நிலக்கரியின் பயன்பாடு குறையும் காலத்தில் அத்தொழிலாளர்களுக்கும் அரசுக் கருவூலத்துக்கும் மாற்று வழி தேவைப்படும். இதை ஆராய ஜார்க்கண்ட் 2022-ஆம் ஆண்டு 'நியாயமான மாற்றத்துக்கான' பணிக்குழுவை அமைத்தது.

நிதிநிலை அறிக்கையைப் படிப்பது எவ்வாறு?

மாநில நிதிநிலை ஆவணங்கள் பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் வெளியிடப்படுகின்றன. ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே நான்கு தொகைகள் இருக்கும். 2025-26 ஆவணத்தை எடுத்துக்கொண்டால், 2023-24-இன் உண்மைச் செலவு, 2024-25-இன் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, 2025-26-இன் மதிப்பீடு ஆகியவை வரிசையாகக் காணப்படும்.

அமைச்சரின் உரையில் இடம்பெறுவது கடைசித் தொகை மட்டுமே. திருத்திய மதிப்பீடு முதல் மதிப்பீட்டைவிடப் பெரிதும் குறைந்திருந்தால், அத்திட்டம் தேக்கமடைந்திருக்கலாம். உண்மைச் செலவு ஆண்டுதோறும் ஒதுக்கீட்டைவிடக் குறைவாகவே இருந்தால், புதிய ஒதுக்கீட்டையும் எச்சரிக்கையுடனே பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை மேலும் சில:

* அறிவிக்கப்பட்ட தொகையில் புதிய திட்டங்களுக்கு உரியது எவ்வளவு, பழைய திட்டங்களின் மறுதொகுப்பு எவ்வளவு.

* மத்தியத் திட்டங்களுக்கான மாநிலப் பங்கு முழுமையாக ஒதுக்கப்பட்டுள்ளதா.

* மின் மானியத்துக்குச் செல்லும் தொகையும், மின்கட்டமைப்பு, சூரிய மின்சக்தி போன்ற மூலதனப் பணிகளுக்குச் செல்லும் தொகையும் எந்த விகிதத்தில் உள்ளன.

* முந்தைய ஆண்டு இலக்குகளில் எத்தனை நிறைவேறின என்ற பட்டியல் ஆவணத்தில் உள்ளதா.

ஓர் அறிவிப்பின் உண்மைச் செலவு நிதிநிலை ஆவணத்தில் இடம்பெற ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ராஜஸ்தான் 2025-26-க்கு அறிவித்த 27,854 கோடி ரூபாயில் எவ்வளவு செலவானது என்பது, 2027-28 நிதிநிலை அறிக்கையின் முதல் பத்தியில்தான் தெரியவரும். பம்புசெட்டுக்காகப் பங்குத்தொகை செலுத்திக் காத்திருக்கும் உழவருக்கும், மழைக்காலத்தில் மலைச்சரிவில் வாழும் குடும்பத்துக்கும் பயன் தருவது அந்தப் பத்தியில் உள்ள தொகையே.